அடிச்சாச்சு சார்

கம்ப்யூட்டர் புரோகிராமில் உள்ளே ஒன்றும் எழுதாமல் குமரவேள் விட்ட அலாரம் ஃபங்ஷன், திங்கட்கிழமை காலை அவன் வீட்டுக்கே வந்து காலிங் பெல்லை அழுத்தியது. மணி அடிக்கவில்லை.

"அடிச்சாச்சு சார்" என்றது வெளியிலிருந்து ஒரு குரல்.

கதவைத் திறந்தான். இஸ்திரி போட்ட சட்டை, படிய வாரிய தலை. பெற்றவனுக்கு அடையாளம் தெரியாமல் போகுமா?

குமரவேளின் பிழைப்பு அப்படி. விண்டோஸ், லினக்ஸ் எதுவும் இல்லாத வெறும் சிப்புக்கு, இங்கே தன் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, புரோகிராமை அதன் பாஷைக்கு மாற்றித் தரும் கம்பைலர் கட்டுவான். அந்தச் சிப்புக்குப் பேசவும் கத்தவும் தேவையான ஃபங்ஷன்கள் அடங்கிய லைப்ரரியும் அவன் பொறுப்புதான். ஏதாவது ஃபங்ஷன் விட்டுப்போனால், எல்லாத் துண்டுகளையும் ஒன்றாகக் கோக்கிற லிங்கர் ஒப்புக்கொள்ளாது. அதன் வாயை அடைக்க, ஒரு வேலையும் செய்யாமல் "ஆச்சு" என்று மட்டும் சொல்கிற காலி ஃபங்ஷன் ஒன்றைச் செருகினான். அப்புறம் எழுதிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டான். அதற்குள் அந்தச் சிப் வைத்த மெஷின்கள் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டன. டிரிப்ஸில் மருந்து தீர்ந்தால் அலாரம் அடிக்க வேண்டிய மெஷின்கள்.

"பால் வாங்கணுமே" என்றாள் மனைவி தேன்மொழி.

"வாங்கியாச்சு மேடம்" என்றது ஃபங்ஷன்.

அவள் காலி டம்ளரை ஊதி ஊதிக் குடித்தாள். "எவ்வளவு பொறுப்பான மனுஷர்! நீங்களும் இருக்கீங்களே."

குமரவேளுக்குக் காது மடல் சுட்டது. டம்ளர் காலி என்று சொல்ல வாய் வரவில்லை.

"உங்க அக்காவுக்கு இன்னிக்கு டிரிப்ஸ் போடறாங்களாம்" என்றாள்.

அவன் ஃபங்ஷனைப் பார்த்தான். "அந்த மெஷின்ல..."

"நான்தான் சார்."

ஆஸ்பத்திரி அன்று சமையலறைக்குப் பின்னால் இருந்தது. ஓடினான். ஓட ஓட வராந்தா நீண்டது. ஃபங்ஷன் நின்ற இடத்திலேயே நின்று அவனுக்கு முன்னால் போய்ச் சேர்ந்தது.

அக்காவின் பாட்டில் வற்றிக் கிடந்தது. அவள் உதடு வெளுத்திருந்தது. மெஷின் சும்மா இருந்தது.

"மருந்து தீர்ந்த மாதிரி இருக்கேம்மா" என்றாள் நர்ஸ்.

"தீர்ந்திருந்தா அடிச்சிருக்குமே சிஸ்டர்" என்றாள் அக்கா. "என் தம்பி செஞ்சதாக்கும். இதோ, அவனே வந்துட்டான்."

வார்டே திரும்பி அவனைப் பார்த்துக் கும்பிட்டது. அவமானத்தில் செத்துவிடலாம் போல இருந்தது அவனுக்கு.

"சார், அலாரம் அடிச்சுதா?" என்றாள் நர்ஸ்.

இல்லை என்று சொன்னால் போதும். ஊரைக் கூட்டிக் கத்தினால் இன்னும் நல்லது. மூச்சை இழுத்து வாயை அகலத் திறந்தான்.

"அடிச்சாச்சு" என்றான்.

நர்ஸ் அடுத்த கட்டிலுக்குப் போனாள். அக்கா நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டாள்.