மூக்கில் மரு, இலையில் மச்சம்

பாறசாலை சந்தியில் போலீஸ் பாய்ந்த அன்று சிவானந்தம் விட்டுவிட்டு ஓடியது ஒரு ஜோடிச் செருப்பும், பாதியில் நின்றுபோன ஒரு கோஷமும். கூடவே கொண்டு ஓடியதுதான் வம்பாகிவிட்டது. இடது மூக்கின் மேல் மிளகு பருமனுக்கு உட்கார்ந்திருந்த மரு!

திருவிதாங்கூர் சர்க்காரின் தடை உத்தரவை மீறி மாட்டுவண்டி மேல் ஏறி, "தமிழகத்தோடு இணை!" என்று தொண்டை கிழியக் கத்திய ஆசாமியின் பெயரோ ஊரோ போலீசுக்குத் தெரியாது. தக்கலையில் வக்கீல் குமாஸ்தா, கல்யாணப் பேச்சுக்காக அத்தை வீட்டுக்கு வந்தவன், வந்த இடத்தில் வாய் சும்மா இருக்காமல் வண்டி ஏறியவன் என்பதெல்லாம் யாருக்குத் தெரியும்? இன்ஸ்பெக்டர் கண்ணில் பட்டது மரு. அன்றிலிருந்து அமரவிளையில் பஸ்ஸை நிறுத்தி மூக்கு மூக்காகப் பார்த்தார்கள். மூக்கில் பரு வந்த பாவத்துக்கு ஒரு வெற்றிலைக் கடைக்காரர் இரண்டு முறை ஸ்டேஷன் போய் வந்தார்.

சிவானந்தம் தனுவச்சபுரம் போகிற வழியில் இருந்த அத்தை வீட்டு நெல் அறையில் பதுங்கிக் கிடந்தான். மாமா காந்திமதிநாதன் சர்க்கார் பென்சன்காரர். அறைப் பக்கமே திரும்பாமல், சுவரைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"முகூர்த்தத்துக்கு முந்தி போலீஸ்காரன் கை இவன் மேல பட்டா பொண்ணு கெடையாது. பென்சன் வாங்குற வீடாக்கும் இது."

முகூர்த்தம் ஆவணி பிறந்ததும். இப்போது ஆடி.

பொண்ணு கல்யாணசுந்தரி. திருவனந்தபுரத்தில் தாவரவியல் படித்து இன்டர்மீடியட் தேறியவள். அப்பா அந்தப் பக்கம் போனதும் நெல் அறை வாசலில் வந்து நின்றாள்.

"அத்தான், போலீசு ஒங்களையா தேடுகு? மருவைத்தானே? அதை எடுத்துட்டா யாரைத் தேடுவாவ?"

"எடுக்கதுன்னா, கத்தி வச்சா?" அவன் மூக்கைப் பொத்திக்கொண்டான்.

"வண்டி மேல ஏறின வீரருக்க பயத்தைப் பாரு! கத்தி ஒண்ணும் வேண்டாம். அம்மான்பச்சரிசிப் பாலை நெதமும் தொட்டு வச்சா காஞ்சு விழும். பொறவாசல்ல நிக்குகு. போயி பறிச்சுட்டு வாங்க."

"நீயே பறிச்சுக் குடேன்."

"நான் பறிச்சா ஒரு நொடியில தீந்து போவும். எனக்கும் நேரம் போவாண்டாமா?"

கோர்ட்டில் கட்டுக் கட்டாகப் பத்திரம் புரட்டியவனுக்கு ஒரு களைச்செடி எந்த மூலைக்கு? தலையைக் குனிந்துகொண்டு கிணற்றடிக்குப் போனான். ஒன்றைப் பிடுங்கி வந்தான்.

"இது குப்பைமேனி. பூனை வந்து மணத்துப் பாக்கும், அம்புட்டுதான். பால் எங்க?"

மறுபடி போனான்.

"இது கீழாநெல்லி. காமாலை வந்தா சொல்லுங்க, அரைச்சுத் தாறேன்."

மூன்றாவது முறை ஒடித்துப் பார்த்தான். பால் சொட்டியது! வென்ற கட்சிக்காரன் மாதிரி நிமிர்ந்து வந்தான். அவள் செடியை வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"பால் உண்டு, சரி. ஆனா இது தம்பியாக்கும். இலையும் பொடிசு, தரையோட ஒட்டிக் கெடக்கும். மாட்டுவண்டிக்கு அடியில ஊந்து போன ஆளு மாதிரி. அண்ணங்காரன் தலையைத் தூக்கிட்டு நிப்பான்."

"நான் ஒண்ணும் ஊந்து போவல்ல. குனிஞ்சு ஓடினேன்."

"சரி, குனிஞ்சு ஓடின அத்தான், கேளுங்க. வக்கீல் குமாஸ்தாவுக்குப் போலீசு பாஷையில சொன்னாத்தான் ஏறும் போல." அவள் தொண்டையைக் கனைத்துக்கொண்டாள். "ஆளுக்க அங்க அடையாளம். உயரம் ஒரு சாண். தண்டு செவப்பு, மேலெல்லாம் மஞ்ச மயிரு. இலை ரெண்டு ரெண்டா நேருக்கு நேரு நிக்கும். இலைக்க அடி கோணல், ஒரு தோள் ஏறி ஒரு தோள் எறங்கி. ஓரத்துல பொடிப் பல்லு. கக்கத்துல பச்சரிசிக் குறுணையை உருட்டி வச்ச மாதிரி பூ. ஒடிச்சா பால். பொறவு, இலைக்க நடுவுல செவந்த மச்சம்."

"மச்சமா? அதை மொதல்லயே சொல்லப்பிடாதா?"

மற்றதையெல்லாம் விட்டுவிட்டு மச்சத்தை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான் சிவானந்தம். துணி துவைக்கிற கல்லின் இடுக்கில் மச்சமும் தானுமாக நின்ற ஆசாமியைக் கண்டுபிடித்தும் விட்டான்.

ஈர்க்குச்சி முனையில் பாலைத் தொட்டு மரு மேல் மட்டும் வைக்க வேண்டும். சுள்ளென்று எரிந்தது. அத்தை சொர்ணம்மாள் சுற்றிலும் தேங்காய் எண்ணெய் தடவிவிட்டு, "கண்ணுல படாம பாத்துக்கோ மக்கா" என்று புலம்பினாள். மரு கறுத்தது, காய்ந்தது, ஒருநாள் காலை முகம் துடைத்த துவர்த்தோடு வந்துவிட்டது. அந்த இடத்தில் கொசு கடித்த மாதிரி ஒரு சிவப்பு மட்டும் மிச்சம்.

"வேர் போவாண்டாமா? இன்னும் கொஞ்ச நாள் வையுங்க" என்றாள் கல்யாணசுந்தரி.

அதனால்தான் அன்று மத்தியானம் அவன் புறவாசலில் நாலு காலில் நின்றுகொண்டிருந்தான். வீட்டின் முன்பக்கம் பந்தலுக்கு மூங்கில் வந்து இறங்கியிருந்தது. மாமா நெய்யாற்றின்கரைக்குக் கல்யாணப் பத்திரிகை வாங்கப் போயிருந்தார்.

பின்படலை யாரோ திறந்தார்கள்.

முதலில் கண்ணில் பட்டது பூட்ஸ். அதற்கு மேல் காக்கி. வீடு வீடாக மூக்குப் பார்த்து வந்த ஹெட் கான்ஸ்டபிள் சதாசிவன்!

"ஆரா அது?"

அடுக்களை வாசலில் நின்ற கல்யாணசுந்தரிதான் முந்தினாள். "பச்சிலை பறிக்க வந்த ஆளு. வைத்தியருக்க ஆளாக்கும்."

சதாசிவன் நெருங்கி வந்தார். குனிந்தார். மூக்கைப் பார்த்தார். இடமாகப் பார்த்தார், வலமாகப் பார்த்தார். மரு இல்லை. பெருமூச்சு விட்டு, துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிட்டார்.

"எந்து செய்யான்! மூக்கு பாத்துப் பாத்துக் கண்ணு பூத்துப் போச்சு, கேட்டோ." வலது கையை நீட்டினார். கட்டைவிரலில் கடலை போல ஒரு மரு. "சல்யூட் அடிக்கும்போ இன்ஸ்பெக்டர் இதைத்தான் பாக்கியாரு. வைத்தியருக்க ஆளாணெங்கில் சொல்லு. இதுக்கு மருந்து உண்டோ?"

உண்டா என்றா கேட்டார்! இத்தனை நாள் வாங்கிய கேலி அத்தனையும் சிவானந்தத்தின் வாயில் வித்தையாக வந்து நின்றது.

"உண்டு ஏமானே! தண்டு செவப்பு, மஞ்ச மயிரு. இலைக்க அடி கோணல், ஓரத்துல பல்லு, கக்கத்துல குறுணைப் பூ. இதுக்க தம்பி ஒருத்தன் தரையில ஒட்டிக் கெடப்பான், அவனை நம்பப்பிடாது!" என்று கைக்கெட்டிய நாலைந்து செடிகளைப் பிடுங்கி நீட்டினான்.

அடுக்களை வாசலில் ஒருத்தி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

"கொள்ளாம்" என்று மெச்சினார் சதாசிவன். "எத்தன நாளில் விழும்?"

"எனக்கு ஒரு வாரத்துக்கு மேல ஆச்சு."

சொன்ன பிறகுதான் சொன்னது காதில் விழுந்தது.

"உனக்கோ?" சதாசிவன் மெல்ல எழுந்தார். "உனக்கு எவிடெயாக்கும் மரு இருந்தது?"

"முதுகுல" என்றான் சிவானந்தம்.

"காலுல" என்றாள் கல்யாணசுந்தரி, அதே நொடியில்.

சதாசிவன் அவன் மூக்கிலிருந்த சிவப்புப் புள்ளியையே பார்த்தார். முன்பக்கம் கிடந்த மூங்கிலைப் பார்த்தார். வாசலில் வெளிறிப்போய் நின்ற பெண்ணைப் பார்த்தார்.

"கல்யாணம் எந்நு?"

"ஆவணி மொத முகூர்த்தம்" என்றாள் அவள், குரல் எழும்பாமல்.

"இன்ஸ்பெக்டர் எனக்குத் தந்த அடையாளம் ஒண்ணே ஒண்ணு. அது இல்லாத்த ஆளைக் கொண்டு போனா என்னை ஏசுவாரு. பின்னே, வைத்தியருக்க ஆளுன்னு நீங்க சொன்னிய. செடி சரியானதாணெங்கில் எனக்க மரு விழும். விழுந்தா இவன் வைத்தியருக்க ஆளு. விழல்லேங்கில்..." செடிகளைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டார். "அப்பவும் கல்யாணத்துக்கு வாறேன். யூனிபாரத்தில் வாறேன்."

படல் சாத்திய சத்தம் கேட்ட பிறகுதான் சிவானந்தத்துக்கு மூச்சு வந்தது. கல்யாணசுந்தரி ஓடி வந்தாள்.

"எதைப் பிடுங்கிக் குடுத்திய?"

பதற்றத்தில் பிடுங்கியது. கையில் ஒரு செடி மிஞ்சியிருந்தது. இலையைத் திருப்பினான். அடுத்த இலை. அதற்கடுத்தது.

"மச்சம் இல்ல, சுந்தரி! ஒரு இலையிலயும் மச்சம் இல்ல! போச்சு. கல்யாணம் போச்சு!"

அவள் செடியை வாங்கினாள். தண்டை நிமிண்டினாள், இலையின் அடியைப் பார்த்தாள், ஓரத்தை நகத்தால் தடவினாள். ஒடித்தாள். வெள்ளை வெளேரென்று பால்.

"மச்சம் எல்லாத்துக்கும் இருக்கணும்னு உண்டா?" என்றாள் நிதானமாக. "ஒங்களுக்கும்தான் இப்ப மரு இல்ல. அதுக்காவ நீங்க வேற ஆளா ஆயிட்டியளா?"

"அப்ப இது சரியான செடிதானா?"

"எனக்குத் தோணுகு, சரிதான்னு. மத்ததை ஹெட் கான்ஸ்டபிளுக்க வெரலுல்லா சொல்லணும்?"

மிச்ச நாட்களில் அவன் சாப்பிட்டதைவிட விக்கியதே அதிகம்.

ஆவணி பிறந்தது. பந்தலில் நாதஸ்வரம் முழங்கியது. மணவறையில் உட்கார்ந்த சிவானந்தம் ஐயர் முகத்தைப் பார்க்கவில்லை, பெண் முகத்தைப் பார்க்கவில்லை, பந்தல் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான். தாலியைக் கையில் வாங்குகிற நேரத்தில் வந்தே விட்டார் சதாசிவன்.

காக்கியா? இல்லை. வெள்ளை வேட்டி, ஜிப்பா! ஆனால் வலது கையை முதுகுக்குப் பின்னால் மறைத்திருந்தார். பென்சன்கார மாமா அட்சதைத் தட்டோடு அசையாமல் நின்றார்.

நேராக மணவறை முன் வந்து, மாப்பிள்ளைக்கு விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தார் சதாசிவன். கட்டைவிரல் வழுவழுவென்று இருந்தது.

சிவானந்தம் மூன்று முடிச்சையும் மளமளவென்று போட்டான். எங்கே அவர் மனசு மாறிவிடுமோ!

சதாசிவன் அட்சதை தூவும் சாக்கில் குனிந்து காதோடு சொன்னார்: "எனக்க வெரலைக் கண்டு இன்ஸ்பெக்டருக்கும் ஆசை வந்து போச்சு, கேட்டோ. அவருக்குப் பிடரியில ஒண்ணு உண்டு. அடுத்த ஞாயிறு கூட்டிட்டு வாறேன்."

"ஐயோ! அவரு என்னைப் பாத்தவராச்சே!"

"பாத்தது மருவை அல்லே?" என்று சொல்லிவிட்டுப் பந்திக்குப் போனார் அவர்.

புது மாலைக்குள்ளிருந்து கல்யாணசுந்தரியின் குரல் வந்தது.

"அத்தான், இந்தத் தடவையாவது பாத்துப் பிடுங்குங்க. தம்பிக்காரனைக் குடுத்துராதிய!"