அவர் கேட்டது மழை

சித்திரை வெயிலில் குற்றாலத்துக்கு வருகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புதான் வரும். இந்தத் தடவை அப்படி வந்தவர்களில் நானும் ஒருத்தி. கூட்டி வந்தவர் சென்னையிலேயே வளர்ந்த என் கணவர் காந்திமதிநாதன்.

அவருடைய மேலதிகாரிக்குச் சென்னை வெயில் ஒத்துக்கொள்ளவில்லை. "குற்றாலம் வாருங்கள், போர்வை கேட்பீர்கள்" என்று இவர் அளந்துவிட்டார். நண்பரின் குற்றாலம் பங்களாவை இரவல் வாங்கி, அதன் காவல்காரன் இசக்கியப்பனுக்கு ஒரு கார்டு போட்டார்: அங்கே மழை உண்டா? பதிலும் வந்தது: மழை உண்டு, நாலு நாளாகச் சாயங்காலம் பெய்கிறது.

தென்காசி ஸ்டேஷனில் இறங்கும்போதே அதிகாரியின் மனைவிக்குக் கழுத்துப் பவுடர் கோடு கோடாக வழிந்தது. பங்களாவில் உப்பு கட்டியாகிக் கிடந்தது, தீக்குச்சி பற்றவில்லை. உலராத வேட்டியையே அதிகாரி மறுபடி கட்டிக்கொண்டார். சாயங்காலம் இடி இடித்து அரை மணி மழை பெய்தது. நின்றதும் தரையிலிருந்து ஆவி கிளம்பி எங்களைப் புட்டுப்போல அவித்தது. அருவியில் பாறைதான் இருந்தது. அதன் ஓரத்தில் தண்ணீர் ஆடு மூத்திரம்போல் ஒழுகியது. என் கணவர் அதற்கும் எண்ணெய் தேய்த்துக்கொண்டு போய் நின்றார்.

மூன்றாம் நாள் காலை, "போர்வை வேண்டாம், விசிறி கிடைக்குமா?" என்றார் அதிகாரி. என் கணவரின் முகம் செத்துவிட்டது. இசக்கியப்பனைக் கூப்பிட்டார்.

"மழை உண்டுன்னு பொய்தானே எழுதினே?"

"பொய் எழுதலியே எசமான். நேத்துகூடப் பெஞ்சுதுல்லா?"

"அருவி எங்கேடா?"

"அது சாரல் விழணும் எசமான். மேக்கேயிருந்து மேகாத்து அடிச்சு, ஆனியிலதான் விழும். நீங்க சாரலான்னு கேக்கலியே, மழையான்னுல்லா கேட்டிய."

அதிகாரியின் மனைவி விசிறிக்குப் பின்னால் சிரித்தாள். என் கணவர் பேனாவை எடுத்தார். இந்தப் பொய்யனை உடனே வேலையை விட்டு நிறுத்திவிட வேண்டும் என்று பங்களாக்கார நண்பருக்கு எழுதத் தொடங்கினார். இசக்கியப்பன் தோள் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றான். பதினெட்டு வருஷமாக அந்தத் தோட்டத்து அறைதான் அவனுக்கு வீடு.

அந்தக் கார்டை என் கணவருக்கு முன்னால் படித்தவள் நான். நான் வடகரையில் பிறந்தவள். கோடை மழை வேறு, சாரல் வேறு என்று இந்தப் பக்கத்தில் மாடு மேய்க்கிறவனுக்கும் தெரியும். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் கல்யாணமான புதிதில் சாப்பாட்டு மேஜையில் நான் எங்கள் ஊர்ப் பேச்சில் 'வருதாவ' என்றதை, விருந்தாளிகள் முன் அவர் மூக்கால் பேசிக் காட்டினார். பதினோரு வருஷம் ஆகிறது. கார்டைப் படித்ததும், போகட்டும், போய் வேகட்டும் என்று நினைத்தேன். அந்த நினைப்பு எனக்கு இனித்தது. மூன்று நாளும் அவர் முதுகில் வேர்வை இறங்குவதைப் பார்த்து ரசித்தேன். அவரை மட்டமானவர் என்று நினைக்கும்போதெல்லாம் நான் உயர்ந்துகொண்டிருப்பதாகத் தோன்றும். இப்போது அந்த உயரத்துக்கு வேறொருவன் வீட்டை இழக்கப் போகிறான்.

"எழுதாதிய" என்றேன். பேனா நின்றது. "அண்ணாச்சி பொய் சொல்லல. இந்த மழையில அருவி விழாது, புழுக்கந்தான் ஏறும். கார்டு வந்த அன்னைக்கே எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் பேசாம இருந்தேன்."

"ஏன்?" என்றார் என் கணவர்.

"பத்து பேரு முன்னால நீங்க இப்படி முழிக்கிறதைப் பாக்கணும்னு இருந்துச்சு."

விசிறி நின்றது. அதிகாரி எழுந்து, மத்தியான ரயிலுக்கு நேரம் என்ன என்று யாரையும் பார்க்காமல் கேட்டார். என் கணவர் கடிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அதை அவர் அனுப்ப மாட்டார். அனுப்பினால் நண்பர் விசாரிப்பார், அதிகாரியும் நான் சொன்னதைத்தான் சாட்சி சொல்வார்.

வாசலில் இசக்கியப்பன் நின்றான். நன்றி சொல்லப் போகிறான் என்று நினைத்து, முகத்தைக்கூடத் தயார் செய்துகொண்டேன்.

"தெரிஞ்சும் கம்முனு இருந்தியளாக்கும்" என்றான். என்னை மேலும் கீழும் ஒரு தடவை பார்த்தான். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பெட்டிகளைத் தூக்கப் போனான்.