இரட்டைத் தையல்

"நாலுதான் இருக்கு," என்றாள் குளிப்பாட்ட வந்தவள். மூட்டையிலிருந்த வெள்ளைத் துணிகளை ஒவ்வொன்றாக முழங்கையால் அளந்து நாற்காலியில் அடுக்கியிருந்தாள். காலியான மூட்டைத் துணியை உதறியும் பார்த்தாள். "பொம்பளைக்கு அஞ்சு துண்டு வேணும். தலைத்துணியக் காணோம்."

கட்டிலில் மெவ்லூதே மல்லாந்து கிடந்தாள். தாடையைச் சுற்றிக் கட்டு. போர்வைக்கு மேலே, வயிற்றின் மீது, சமையலறைக் கத்தி. விடிகாலையில் மூச்சு நின்றவுடன் தங்கை பெதியாதான் அதை எடுத்துவந்து வைத்தாள். வயிறு ஊதாமலிருக்க இரும்பு வைப்பது இந்த எர்சுரும் பக்கத்து வழக்கம். இருபத்தேழு வருஷம் பூர்சா நகரத்தில் சட்டைக் காலர் தைத்துவிட்டு வந்தவளுக்கும் அது மறந்துபோகவில்லை.

"நல்லாப் பாருங்க ஹோஜாம்மா," என்றாள் நெஸாஹத், இவர்களுடைய அண்ணன் ரெஜாயின் மனைவி. "எங்க மச்சி கணக்குல கெட்டியாச்சே. வர்றவ போறவகிட்டயெல்லாம் சொல்லுவா: 'எனக்குன்னு ஒருத்தரும் ஒரு முழம் துணி வாங்க வேணாம். எங்க உம்மா ஹஜ்ஜுலேருந்து கொண்டாந்த கஃபன் துணி இருக்கு, ஜம்ஜம் தண்ணில நனைச்சு வச்சிருக்கேன், அதுலயே போவேன்'னு. நாலாந் தடவை கேட்டப்போ நானே சொல்லிட்டேன், சரி மச்சி, பத்திரமாப் போங்கன்னு."

"தலைத்துணி எம்புட்டு இருக்கும்?" என்று பெதியா கேட்டாள்.

"ரெண்டு முழ நீளம், ஒரு முழம் அகலம். ஓரம் மடிச்சிருக்காது."

பெதியா நாற்காலியருகே போய் ஒரு துணியின் ஓரத்தை விரல்களுக்கிடையில் வைத்துத் தேய்த்தாள். காலர் தைத்தவளின் விரல். ஒரு தடவை தொட்ட துணியை அது மறப்பதில்லை. 

பாவி, என்ன காரியம் செய்துவிட்டாய் என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டாள்.

கார்த்திகை குளிர் தொடங்கியபோதுதான் அவள் அக்காவிடம் வந்தாள். புருஷன் இறந்து, ஆலையிலும் ஓய்வு கொடுத்தபிறகு, பூர்சாவில் அவளுக்கு இருந்ததெல்லாம் ஒரு அறையும் ஒரு ஜன்னலும்தான். இங்கே அக்கா இதயம் வீங்கிப்போய்க் கட்டிலோடு கிடந்தாள். ஒருவருக்கொருவர் துணையாயிற்று என்று ஊரார் சொன்னார்கள். உண்மையில் இருவருக்கும் பேச ஒன்றுமே இருக்கவில்லை. பத்தொன்பது வயதில் ஓடிப்போய்க் கல்யாணம் செய்துகொண்டவளுக்கும், தாய்தகப்பனைப் பார்த்துக்கொண்டே கல்யாணம் இல்லாமல் நின்றுபோனவளுக்கும் எங்கிருந்து பேச்சு தொடங்கும்? மருந்து வேணுமா, தண்ணி வேணுமா, அடுப்பில் விறகு போடட்டுமா. இப்படியே நாற்பது நாள் போயிற்று. பூர்சாவில் தனியாக இருந்தபோதுகூட இவ்வளவு தனிமை இல்லை என்று பெதியா நினைத்ததுண்டு.

மெவ்லூதே கட்டிலிலேயே சாய்ந்து உட்கார்ந்து தெருவுக்கெல்லாம் கம்பளிக் காலுறை பின்னிக் கொடுப்பாள். ஊசிகள் மெத்தையெல்லாம் சிதறிக் கிடக்கும். ஒருநாள் ஒன்று அவள் தொடையிலேயே ஏறிவிட்டது.

"அடியே, மனுஷி தூங்குற இடமா இது? முள்ளம்பன்னி கூட படுத்த மாதிரி இருக்கு. இருபத்தேழு வருஷம் என்னத்தத் தச்சே நீ? ஒரு ஊசிப்பை தச்சுக் குடுக்க மாட்டியா?"

"நான் காலர் மட்டுந்தான் தச்சேன். முழுச் சட்டைகூட தச்சதில்ல."

"அப்போ காலர் மாதிரியே தை. ஊசிக்குக் கழுத்தா தெரியப்போவுது?"

பெதியாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மறுநாளே பெட்டியைக் குடைந்தாள். வெளிப்புறத்துக்கு அக்காவின் பழைய பூப்போட்ட பாவாடை. உள்ளே அறை பிரிக்க, ஜம்ஜம் சீசாவுக்குப் பக்கத்தில் தனியாக மடித்துக் கிடந்த ஒரு வெள்ளைத் துணி. யாரோ ஓரம்கூட மடிக்காமல் போட்டிருக்கிறார்களே என்று, கைப்பழக்கத்தில், முதலில் அதன் நாலு ஓரத்தையும் மடித்துத் தைத்தாள். வெட்டவில்லை. வெட்டிய துணியை ஒட்டவைக்க முடியாது என்பது ஆலையில் அவள் படித்த ஒரே பாடம். துணியின் கீழ்ப்பாதியை மேலே மடித்து, நெடுக்கே வரிவரியாகத் தையல் போட்டால் வரிக்கு வரி ஒரு அறை. இருபத்திரண்டு அறை. அப்படியே பாய் மாதிரி சுருட்டி நாடாவால் கட்டிவிடலாம்.

இலையுதிர்காலத்தில் கஃபன் துணிகளை வெயிலில் காயவைத்து எடுத்த அன்றுதான் மெவ்லூதே விழுந்தாள் என்றும், நாலைத்தான் மூட்டையில் கட்டியிருந்தாள் என்றும் தங்கைக்கு யார் சொன்னார்கள்?

இரண்டு வரி தைத்ததும் அக்காவிடம் கொண்டுபோய்க் காட்டினாள். மெவ்லூதே துணியைத் தடவினாள். தடவிக்கொண்டே இருந்தாள்.

"எங்கேருந்து எடுத்தே?"

"பெட்டிலேருந்துதான். எதுக்காவது வச்சிருந்தியாக்கா?"

மெவ்லூதே கொஞ்சநேரம் ஜன்னலைப் பார்த்தாள். "எதுக்கு வைக்கப்போறேன்? நல்ல கெட்டித் துணி. ஆனா ஒத்தத் தையல் நிக்காது. சன்ன ஊசி ஒரு அறைலேருந்து இன்னொரு அறைக்கு நழுவிடும். ரெட்டையாப் போடு."

அதன்பிறகு பத்து நாள் பெதியா கட்டிலோரத்திலேயே உட்கார்ந்து தைத்தாள். ஒவ்வொரு அறைக்கும் ஊசியின் பருமன் எண்ணைச் சிவப்பு நூலில் போடச் சொன்னாள் அக்கா. ரெண்டு, ரெண்டரை, மூணு. நூல் கோர்த்துக் கோர்த்துப் பேச்சும் வந்தது. ஓடிப்போன அன்று வாப்பா என்ன சொன்னார், பிள்ளை தங்காமல் போனபோது கடிதம் எழுதியும் ஏன் பதில் போடவில்லை, எல்லாம் வந்தது. கடிதம் வாப்பாவின் கையோடு நின்றுபோன கதையும் வந்தது. இருவரும் ஒருநாள் அழுதார்கள். மறுநாள் அக்கா, "அழுத கண்ணோட தைக்காத, வரி கோணுது," என்றாள்.

அந்த ஊசிப்பை இப்போது தலையணைக்குப் பக்கத்தில் சுருட்டிக் கிடந்தது.

பெதியா அதை எடுத்து விரித்துக் குளிப்பாட்ட வந்தவளிடம் காட்டினாள். "இதுதான் தலைத்துணி. நான்தான் தெரியாம எடுத்துட்டேன்."

"யா அல்லாஹ்!" நெஸாஹத் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "கஃபன்ல ஊசிப்பை தச்சியா? ஏம்மா, பூர்சாவுல இதையெல்லாமா சொல்லிக் குடுத்தாங்க?"

"மதினி, திட்டுறத அப்புறம் வச்சுக்கங்க."

ஹோஜாம்மா துணியைத் திருப்பிப் பார்த்தாள். "தச்ச துணி ஆகாது. விடுங்க. எந்த வெள்ளைத் துணியும் ஆகும். உன் அண்ணனக் கடைக்கு அனுப்பு, கால் மணி நேரத்துல வந்துடும். மார்க்கத்துல ஒரு குறையும் இல்ல."

"தையலப் பிரிச்சுட்டா?"

"பிரிச்சுட்டா துணிதான். ஆனா இதப் பிரிக்க யாரால ஆகும்? லுஹர் தொழுகைக்கு எடுக்கணும். பள்ளிவாசல்ல அறிவிச்சாச்சு. நான் குளிப்பாட்டி முடிக்க ஒரு மணி நேரம். அதுக்கு மேல நிக்க மாட்டேன்."

மார்க்கத்தில் குறையில்லாமல் இருக்கலாம். அக்கா தெருவெல்லாம் சொல்லிவைத்தது ஒன்றே ஒன்றுதானே. வாழ்க்கையில் வேறு என்ன கேட்டாள் அவள்? அதையும் தங்கை கெடுத்தாள் என்று ஆகவேண்டுமா? பெதியா ஊசிகளை உருவி மேசையில் போட்டாள். நாற்பத்தொன்று. பையை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள்.

பிளேடு வைத்தால் துணி கிழியும். காலுறை பின்னும் ஊசியிலேயே சன்னமானது ஒன்றைக் கையோடு கொண்டுவந்திருந்தாள். அதன் முனையைத் தையலுக்கு அடியில் விட்டு, நெம்பித் தூக்கி, நூலை இழுத்தாள். ஒரு தையல். அடுத்தது. இரட்டைத் தையல். அவளே போட்டது. ஆலையில் மேற்பார்வைக்காரர் பார்த்திருந்தால் பாராட்டியிருப்பார், அவ்வளவு இறுக்கம்! நாசமாய்ப்போன இறுக்கம்.

பக்கத்து அறையில் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. கூடத்தில் பெண்கள் யாசீன் ஓதினார்கள். யாரோ கதவைத் தட்டி, "நானும் ஒரு பக்கம் பிரிக்கவா?" என்று கேட்டாள். "வேணாம்," என்றாள் பெதியா. இதில் இன்னொரு கை படக்கூடாது என்று அவளுக்கு இருந்தது. எட்டாவது வரி பிரிந்தபோது, வாப்பாவைப் பற்றிப் பேசியது இந்த வரியில்தான் என்று நினைவு வந்தது. பதினோராவது, கடிதம். நூலை இழுக்க இழுக்க அந்தப் பத்து நாளும் கையோடு வந்துகொண்டிருந்தது. அழுதாள். அழுத கண்ணுக்குத் தையல் தெரியவில்லை. முந்தானை மாதிரி தொங்கிய தலைமுக்காட்டில் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி குனிந்தாள்.

கடைசி ஓரம் பிரிந்தபோது விரல்நுனி இரண்டில் ரத்தம். துணியில் படாமல் தூக்கிப் பிடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

ஹோஜாம்மா வாங்கினாள். மெவ்லூதேயின் நரைமுடியை இரண்டாகப் பிரித்து நெஞ்சில் போட்டு, தலையைச் சுற்றி அந்தத் துணியைக் கட்டினாள். நெற்றியின் மேல் வரிவரியாக ஊசித் துளைகள். ஓரிடத்தில் சிவப்பு நூலின் பஞ்சு கொஞ்சம் ஒட்டியிருந்தது. பெதியா எடுக்கக் கைநீட்டினாள். "இருக்கட்டும்," என்றாள் ஹோஜாம்மா. பிறகு பெரிய துணியை இழுத்து மூடி, தலைமாட்டிலும் கால்மாட்டிலும் கட்டினாள்.

முகம் மூடிய பிறகுதான் வாசலில் சத்தம். எதிர்வீட்டு ஸுல்பியே. மகளைப் பார்க்க மலைக்கிராமத்துக்குப் போயிருந்தவள், சேதி கேட்டுக் கிளம்பி, பனியில் வண்டி நின்றுபோய், முழங்காலளவு நனைந்து வந்திருந்தாள். தன் வீட்டுக்குள் ஓடிப்போய், அதே ஓட்டத்தில் ஒரு பொட்டலத்தோடு இங்கே வந்தாள்.

"முடிஞ்சிருச்சா? ஐயோ, தலைத்துணிக்கு என்ன பண்ணீங்க?"

பெதியா அவளைப் பார்த்தாள். "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"மூணு மாசமா புதுத்துணி எங்கிட்டதான இருக்கு!" ஸுல்பியே பொட்டலத்தை நீட்டினாள். "உங்கக்காதான் வாங்கிவரச் சொன்னா. நீ கடைக்குப் போயிருந்த நேரம். 'மூட்டையில ஒண்ணு குறையும் ஸுல்பியே. பெதியா தேடுறதுக்குள்ள இத நீ வச்சிடு. ஒண்ணும் சொல்லிக்காத'ன்னா. உம்மா கொண்டாந்ததாச்சேன்னு நான் கேட்டேன். 'உம்மா கொண்டாந்தது எனக்கு எதுக்குடி மண்ணுக்குள்ள? அது நாங்க ரெண்டு பேரும் உக்காந்து தச்சது. எனக்கப்புறம் அவளுக்குன்னு இந்த ஊர்ல வேற என்ன இருக்கு? அவகிட்ட இருக்கட்டும்'ன்னா." மூச்சு வாங்கினாள். "நான் எட்டு மணிக்கே வந்திருக்கணும். பாழாப்போன பனி."

  பெதியா பொட்டலத்தை வாங்கிக்கொண்டாள். கடைத்தாளுக்குள்ளே துணி மெத்தென்று இருந்தது.

ஆண்கள் மெவ்லூதேயைக் கிடத்திய சந்தூக்கைத் தூக்கிப்போய்த் தெருவில் வைத்தார்கள். பெண்கள் மாடி ஜன்னலில் கூடினார்கள். இந்த ஊரில் பெண்கள் அதற்குமேல் போவதில்லை. இமாம் கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார்: "இந்த அம்மா உங்களுக்கு ஏதாவது குறை வச்சிருந்தா மன்னிச்சுட்டீங்களா?"

"மன்னிச்சோம்," என்றது தெரு.

மூன்று தடவை கேட்டார். மூன்று தடவையும் சொன்னார்கள். இருக்கிறவர்கள் இறந்தவரை மன்னிக்கக் கேட்பதற்கு ஒரு முறை இருக்கிறது. இறந்தவரிடம் இருக்கிறவருக்காகக் கேட்க யாரும் ஏற்பாடு செய்து வைக்கவில்லை.

"அக்கா," என்றாள் பெதியா.  அவளுடைய மூச்சுப் பட்டு ஜன்னல் கண்ணாடி மங்கியது. புறங்கையால் துடைத்துப் பார்த்தபோது சந்தூக்கு தெருமுனையைத் திரும்பிவிட்டிருந்தது.

பெண்கள் ஒவ்வொருவராகத் துக்கத்துக்கு வந்தவர்களுக்கு அல்வா கிண்டக் கீழே இறங்கினார்கள். நெஸாஹத் மட்டும் அறையைக் கூட்டிச் சுத்தம் செய்துகொண்டிருந்தாள். மேசையருகே வந்ததும் நின்றாள். இந்தத் தடவை அவள் குரலில் குத்தல் இல்லை.

"பெதியா, இந்த ஊசியெல்லாம் எதுல போட்டு வைக்கட்டும்?"

பெதியா திரும்பிப் பார்த்தாள். பிறகு ஒரு கையை நீட்டினாள். நெஸாஹத் ஊசிகளை அள்ளி அதில் வைத்தாள். நாற்பதும் ஒரு கைக்குள் அடங்கவில்லை. இரண்டு மூன்று நழுவித் தரையில் விழுந்து உருண்டன. மறுகையில் பிடித்திருந்த பொட்டலத்தை அவள் கீழே வைக்கவில்லை.