எடுத்துவிட்ட வரி

"ஏன் நிறுத்திட்ட? படி," என்றார் கட்டிலில் கிடந்தவர்.

அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டாள். கையிலிருந்தது கணவரின் புது நாவலின் கடைசி அத்தியாயம், அச்சகத்திலிருந்து திருத்தத்துக்கு வந்த பிரதி. ஐந்து மணிக்குள் பதில் சொல்ல வேண்டும். டாக்டரோ காலையிலேயே அவளைத் தனியே அழைத்து, இன்றைக்குத் தாண்டுவதே பெரிசு என்றிருந்தார். அதையெல்லாம்விட அடுத்த வரிதான் அவளை நிறுத்திவைத்தது.

கண் மங்கிய பிறகு அவர் சொல்லச் சொல்ல அவள்தான் தட்டச்சு செய்தாள். பத்து வருஷம், மூன்று நாவல். ஒரு நிலா வந்தால்கூட அதற்கு வெள்ளித்தேர் பூட்டி, மேகத்தைக் குடைபிடிக்க வைத்துத்தான் அனுப்புவார். அவள் தேரையும் குடையையும் இறக்கிவிட்டு நிலாவை மட்டும் அடிப்பாள். முதலில் ஒன்றிரண்டு சொல்தான். பிறகு கை நின்றால்தானே. அதுவரை சீந்தாத பத்திரிகைகள் கொண்டாடின, பரிசும் வந்தது. ஒவ்வொரு பாராட்டுக் கூட்டத்திலும் எவராவது ஒரு பக்கத்தை அவர் காதுபட வாய்விட்டுப் படித்துவிடுவாரோ என்று கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

வேறு வழியில்லாமல் படித்தாள். "அம்மா தண்ணீர் கேட்டாள். கொண்டுவருவதற்குள் போய்விட்டாள்."

"என் பறவை எங்க?"

அம்மாவின் உயிரைப் பறவையாக்கி, ஒரு காலைப்பொழுது முழுக்க உட்கார்ந்து அவர் கோத்த வரி அது.

"எடுத்துட்டேன்."

"எத்தன நாளா இது?"

"மூணு புத்தகமா."

சலைன் சொட்டிக்கொண்டிருந்தது.

"மேடையில ஒருத்தர் சிக்கனமான நடைன்னு சொன்னாரே, அன்னிக்கே தெரியும். நானாவது, சிக்கனமாவது." சிரிக்கப் போய் இருமினார்.

"அப்பவே கேட்டிருக்கலாமில்ல?"

"எல்லாரும் நல்லா இருக்குன்னாங்க. எனக்கும் ஆசைதான்." மூச்சு வாங்கியது. "எங்கம்மா தண்ணி கேட்டத நான் எழுதச் சொல்லலையே."

"கல்யாணமான புதுசுல சொன்னீங்க."

"உன்கிட்ட சொன்னேன். ஊருக்கா சொன்னேன்? அத மறைக்கத்தான் அந்தப் பறவையவே பிடிச்சுட்டு வந்தேன்."

அவள் பேனாவை எடுத்தாள். "பழையபடியே போட்டுடவா?"

"இன்னொரு தடவ படி," என்றார்.

"எத?"

"உன்னோடத."

படித்தாள். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். மறுபடியும் படித்தாள்.

"போட்டுடவா, வேண்டாமா? ஒரு வார்த்த சொல்லுங்க."

தோளைத் தொட்டாள். பிறகு உலுக்கினாள். நர்ஸ் ஓடிவந்தாள், டாக்டர் வந்தார், மார்பில் ஏதேதோ ஒட்டிப் பார்த்தார்கள், எடுத்தார்கள். மணி நாலு இருபது.

அச்சக மேனேஜரின் போன் ஐந்துக்கு முன்பே வந்துவிட்டது. "திருத்தம் ஏதாவது உண்டாம்மா?"

"ஒண்ணு இருக்கு. எழுதிக்குங்க." அவள் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். "உயிர்ப்பறவை தன் ஊன்கூட்டை உதறி, கமா, நீலப் பெருவெளியில் பொற்சிறகு விரித்தது."

"இது எங்கம்மா வருது?"

"தண்ணி வர்ற இடத்துல. அந்த ரெண்டு வரியையும் எடுத்துடுங்க."

"அதப் படிச்சுட்டு நான் எங்கம்மாவுக்குப் போன் போட்டேம்மா."

"எடுத்துடுங்க, தம்பி."

"சரிம்மா. ஐயா எப்படி இருக்காரு?"

"போயிட்டாரு."

போனை வைத்தாள். அவருடைய சட்டை திறந்தபடியே கிடந்தது. மேலிருந்து ஒவ்வொரு பொத்தானாகப் போட்டுக்கொண்டே வந்தாள். அடியில் பொத்தான் இல்லாமல் ஒரு காஜா மிச்சமிருந்தது. எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, மறுபடியும் மேலிருந்து போட ஆரம்பித்தாள்.