வலது கண்ணுக்குப் புள்ளி

1

இந்தக் கதை ஒரு புள்ளியில் தொடங்கியது. ஆழமாக ஏதோ சொல்ல வருகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள்; நிஜப் புள்ளி. ஒரு லென்ஸின் விளிம்போரம், கடுகில் பாதிகூட இல்லாத கறுப்புப் புள்ளி. அது ஒரு மாதம் முந்தி என் கண்ணில் பட்டிருந்தால் இந்தக் கதையை எழுத வேண்டியே வந்திருக்காது.

முதல் வரியை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

"அன்று காலை அவள் தன் கணவனின் முகத்தைக் கடைசியாக" (எடுத்த எடுப்பிலேயே அழவைக்கப் பார்க்கிறது. அடித்துவிட்டேன்.)

"கருவிழி எல்லோருக்கும் வழவழவென்று வளைந்திருக்கும், சிலருக்கு மட்டும் நடுவில் கூம்பி" (பாடப்புத்தகம். ஆனால் விஷயம் வேண்டும், பிறகு வருகிறேன்.)

"நாத்தனார் என்றாலே" (சிரிக்கத் தயாராகிவிட்டீர்கள், தெரியும்.)

மூன்றாவதையே வைத்துக்கொள்கிறேன்.

2

நாத்தனார் மாடியில் இருந்தாள். அவளுடைய அண்ணனும் அண்ணியும் கீழே. அண்ணனுக்குக் கல்யாணப் பேச்சு நடந்தபோது, கண் தெரியாதவளைக் கட்டிக்கொண்டு காலம் பூராவும் கையைப் பிடித்துக்கொண்டு நடக்கப் போகிறாயா என்று இவள் கேட்டது பெண் வீட்டார் காதுக்குப் போய்விட்டது. அன்றிலிருந்து பதினோரு வருஷம் இருவருக்கும் நேர்ப்பேச்சு கிடையாது. மாடிக்குழாயில் தண்ணீர் வரவில்லை என்பதைக்கூட அண்ணன் வழியாகத்தான் சொல்லியனுப்ப வேண்டும். அந்த மனிதர் பாதி வாழ்க்கையை மாடிப்படியிலேயே கழித்தார்.

அண்ணிக்கு இரண்டு கருவிழியும் கூம்பியிருந்தன. தெருவிளக்கு ஒன்று அவளுக்கு ஐந்தாகத் தெரியும். ஆள் முகம் ஒன்றின்மேல் ஒன்றாக நாலைந்து விழும். மூக்குக் கண்ணாடி எடுபடாது. ஒவ்வொரு கண்ணின் மேடுபள்ளத்தையும் அளந்து, அந்தக் கண்ணுக்கென்றே செய்த பெரிய லென்ஸ்தான் ஒரே வழி.* அதை மாட்டினால் ஐந்து விளக்கும் ஒன்றாகிவிடும். ஆனால் அவளுக்குக் கை நடுங்கும். ஆகவே தினமும் காலையில் அண்ணன்தான் எதிரில் முக்காலி போட்டு உட்கார்ந்து மாட்டிவிடுவார்.

(* லென்ஸ் கிண்ணம்போல் இருக்கும். அதில் உப்புநீரைத் தளும்ப ஊற்றி, ஒரு ரப்பர் குச்சியின் நுனியில் நிறுத்தி, குனிந்த முகத்துக்குக் கீழிருந்து மேலே கொண்டுபோய் ஒட்ட வேண்டும். உள்ளே காற்றுக்குமிழி ஒன்று மாட்டினாலும் போச்சு. கழற்றி, புது உப்புநீர்க் குப்பி உடைத்து, மறுபடி முதலிலிருந்து.)

3

அண்ணன் மாரடைப்பில் போனார். மறுநாள் காலை வீட்டில் கிடத்தியிருந்தார்கள். பத்து மணிக்கு வண்டி.

ஒன்பதரைக்கு அண்ணி சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து, நாத்தனார் எதிரில் நின்றாள். பதினோரு வருஷத்தில் நேராகப் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"எனக்கு அவர் முகம் தெரியல. மாட்டிவிடுறியா?"

குப்பி மூன்றுதான் மிச்சம். நாத்தனாருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆனாலும் கவனமாகத்தான் செய்தாள். பெட்டியில் 'இடது' என்று சீட்டு ஒட்டிய குழியிலிருந்து எடுத்து, அண்ணியின் இடது கண்ணுக்குக் கொண்டுபோனாள். குமிழி. மறுபடி. குமிழி. கடைசிக் குப்பியை வலது லென்ஸுக்கு உடைத்தாள். அதுவும் குமிழி. வெளியே வண்டிக்காரர் தொண்டையைச் செருமினார்.

4

இந்த இடத்தில் அண்ணி ஒரு வசனம் பேசுவதாக எழுதியிருந்தேன்: "பரவாயில்ல, லென்ஸ் இல்லாட்டி எனக்கு அவர் அஞ்சு பேரா தெரியிறார். ஒருத்தரக் கொண்டு போனா மீதிப்பேர் இருப்பாங்க."

எழுதிவிட்டு எனக்கே புல்லரித்தது. பிறகு அடித்துவிட்டேன். அப்படியெல்லாம் அவர் பேசவில்லை. அவர் கேட்டது இதுதான்.

"தண்ணி தீர்ந்துடுச்சா?"

"தீர்ந்துடுச்சு அண்ணி," என்றேன்.

ஆமாம், நாத்தனார் நான்தான். மூன்றாம் ஆளாக எழுதித் தப்பித்துவிடலாம் என்று பார்த்தேன். (இதுவரை அண்ணியை 'அவள்' என்று எழுதியிருக்கிறேன். எதிரில் அப்படிச் சொல்ல வாய் வராது.)

அண்ணி போய் உட்கார்ந்து, அண்ணனின் நெற்றி, மூக்கு, மீசை எல்லாவற்றையும் விரலால் தடவிப் பார்த்தார். பிறகு தூக்கிவிட்டார்கள். எனக்கு அண்ணன் போன துக்கத்தைவிட அந்த விரல்களைப் பார்த்த துக்கம் பெரிதாக இருந்தது. இன்னும் அப்படித்தான் இருக்கிறது.

5

ஒரு மாதம் கழித்து, மாட்டும் பக்குவத்தைக் கற்றுக்கொள்ள லென்ஸ் பொருத்தும் இடத்துக்கு நான் மட்டும் போனேன். அங்கிருந்த பெண் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"புள்ளி இருக்கறது வலது கண்ணுக்கு. ஏன் மாத்தி வெச்சிருக்கீங்க?"

அண்ணன் எதிரில் உட்கார்ந்து மாட்டுபவர். அண்ணியின் வலது கண் அவருக்கு இடப்பக்கம். ஆகவே பெட்டியிலும் வலது லென்ஸை இடப்பக்கமே வைத்துப் பழகிவிட்டார். சீட்டை அவர் எங்கே பார்த்தார்? நான்தான் பார்த்தேன். ஒரு கண்ணுக்குச் செய்த லென்ஸ் மறு கண்ணில் பொருந்தாமல்தான் குமிழி விழுந்திருக்கிறது. அவ்வளவு கவனமாக இருந்ததுதான் தப்பாகப் போயிற்று.

அண்ணி வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறார்: அழுது கண் வீங்கியிருந்தது, அதனால்தான் லென்ஸ் உட்காரவில்லை, பாவம் அவள் என்ன செய்வாள், முடிந்தவரை பார்த்தாள் என்று. நான் பக்கத்தில் நின்று மென்று விழுங்கிக்கொண்டிருக்கிறேன்.

6

இப்போது தினமும் நான்தான் மாட்டிவிடுகிறேன். மாட்டியதும் அவருக்கு முதலில் தெளிவது என் முகம். அப்போது லேசாகச் சிரிப்பார். பாசத்தில் செய்கிறேன் என்று நினைக்கிறார். (பாசம் இல்லாமலும் இல்லை. இந்த வாக்கியத்தை நான்கு முறை மாற்றி எழுதிவிட்டு, முடியாமல் இப்படியே விட்டு)

நேற்றுக் கேட்டார், என்னமோ எழுதிக்கொண்டே இருக்கிறாயே, படிக்கக் கொடு என்று. நாளைக்கு என்றேன்.

இதற்கு இரண்டு முடிவு யோசித்தேன். ஒன்றில் தாள்களைக் கிழித்துவிடுகிறேன். இன்னொன்றில் ஐந்தாம் பகுதியை மட்டும் உருவிவிட்டுக் கொடுக்கிறேன். இரண்டையும் எழுத முடியவில்லை. முடிவை வாசகரிடம் விடுவது இந்த மாதிரிக் கதைகளின் வழக்கம். எனக்கு வாசகர் ஒருத்தர்தான்.

அண்ணி, இந்த வரி உங்களுக்கு ஒண்ணே ஒண்ணா தெரியுதுன்னா, இன்னிக்குக் காலையில நான் சரியாத்தான் மாட்டியிருக்கேன். எதிர்லதான் உக்காந்திருக்கேன். நிமிர்ந்து பாருங்க.