பெயர் எழுதாத போத்தல்கள்

நாச்சம்மை லேசில் அசருகிற நர்ஸ் அல்ல. மலாய் நாட்டு ஜார்ஜ் டவுன் காசநோய்க் கிளினிக்கில் பன்னிரண்டு வருஷம் குப்பை கொட்டியவள். மருந்து வேண்டாமென்று முறுக்கிக்கொண்டு போன ஒருவரைக் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலைவரை விரட்டிப்போய், நாசி கண்டார் சோற்றுக்கடையில் வைத்தே மாத்திரையை விழுங்க வைத்தவள். அப்பேர்ப்பட்டவளே 1987இல் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அசந்துபோய் நின்றாள்.

காரணம், டாக்டர் குலசேகரத்தின் மேசைமேல் இருந்த ஐஸ் பெட்டி. உள்ளே முப்பத்து நான்கு சளிப் போத்தல்கள். ஒன்றில்கூடப் பெயர் இல்லை. மூடிகளில் மையால் ஒரு மீன், ஓர் இலை, ஓர் ஆமை என்று ஆளுக்கொரு படம் வரைந்திருந்தது.

கொண்டுவந்தவள் பூசு. வடக்கே ஆற்றில் ஒரு நாள் படகுப் பயணத்தில் இருக்கும் ஓராங் அஸ்லிப் பழங்குடிக் கிராமத்துக்காரி. நாற்பது வயதிருக்கும். படகு, பஸ், ஃபெரி என்று மாறி மாறி வந்த களைப்பு கொஞ்சமும் முகத்தில் தெரியாமல் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

போன வருஷம் அந்தக் கிராமத்து நோயாளிகள் பதினோரு பேரை லாரியில் ஏற்றிவந்து இங்கே வார்டில் போட்டார்கள். இரண்டு பேர் சொந்தக்காரர் முகம் பார்க்காமலே செத்தார்கள். மீதி ஒன்பது பேரும் ஊருக்கே ஓடிவிட்டார்கள். அங்கே நோய் பரவி முப்பத்து நான்கு பேராயிற்று. அதற்குப் பிறகுதான் பூசு தானாகக் கிளம்பி வந்து, "மருந்தை எங்களிடம் கொடுங்கள். எங்கள் ஆட்களை நாங்களே பார்த்துக்கொள்கிறோம்" என்று மலாயில் சொன்னாள். ஆறு பெண்களைத் தேர்ந்தெடுத்து, எந்த வீட்டுக்கு யார், காட்டுக்குப் புறப்படுமுன் எத்தனை மாத்திரை என்று திட்டம் போட்டது அவள்தான். நாச்சம்மை அவளுக்காகப் பேசினாள். டாக்டர் இரண்டு மாதம் தவணை கொடுத்தார். இன்று வரும் சளி சுத்தமென்று தெரியாவிட்டால், எல்லோரையும் ஏற்றிவர லாரி போகும்.

குலசேகரம் கெட்டவர் அல்ல, கோபக்காரர். பதிவேட்டைப் புரட்டினார். முப்பத்து நான்கு பெயர், முப்பத்து நான்கு 'வரவில்லை'.

"என்ன பிள்ளை இது? ஒருத்தரும் வரேல்ல எண்டு நீரே எழுதியிருக்கிறீர். இப்ப பேரில்லாத போத்தலைக் கொண்டுவந்து வச்சா நான் என்ன செய்யிறது?" பூசுவின் பக்கம் திரும்பி மலாயில் கேட்டார்: "இந்த மீன் யாருடையது? பெயரைச் சொல்."

"சொல்லமாட்டேன்."

"தெரியாதா?"

"தெரியும். என் வாயால் சொல்லக்கூடாது."

டாக்டர் லாரிக்கான தாளை முன்னால் இழுத்துப் பேனாவைத் திறந்தார். நாச்சம்மை பதிவேட்டைப் பார்த்தாள். அந்த 'வரவில்லை' எல்லாம் அவள் கைப்பட எழுதியவை. முதல் மாதம் அந்தக் கிராமத்துப் படகுத்துறையில் நின்றுகொண்டு பட்டியலை எடுத்துத் தொண்டை கிழியக் கூப்பிட்டாள். ஒருவரும் வரவில்லை. பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். மருமகன் பெயரையும் மாமியார் பெயரையும் வாய்விட்டுச் சொல்லாத மனிதர்கள் நடுவே, அத்தனை பெயரையும் ஏலம் போட்டிருக்கிறாள்! பூசு அன்று சாயங்காலமே அதை எடுத்துச் சொன்னாள். ஆனால் பதிவேட்டை நாச்சம்மை திருத்தவில்லை. தலைமை நர்ஸான சிஸ்டர் பதவிக்கு அவள் பெயரை மேலிடத்துக்கு அனுப்பியிருந்த நேரம். தன் தப்பைத் தானே எழுதிக்கொடுக்க மனசு வரவில்லை.

இப்போது வாயை மூடிக்கொண்டிருந்தால் பதவி வரும். லாரியும் போகும்.

"டாக்டர், தப்பு என்னுதுலா," என்றாள். "அவங்க எல்லாரும் ஊர்லதான் இருந்தாங்க. நான் பேரச் சொல்லிக் கூவுனேன், அதான் வரல. முப்பத்து நாலும் என் தப்பு."

"பேரைச் சொன்னா என்ன குறைஞ்சு போகும்?"

நாச்சம்மைக்குத் தைரியம் எங்கிருந்து வந்ததோ. "டாக்டர், உங்க வீட்டம்மா உங்களப் பேர் சொல்லியா கூப்பிடுறாங்க?"

டாக்டர் அவளை முறைத்தார். பேனா அப்படியே நின்றது. முறைப்பு மெல்லக் கரைந்து, மீசைக்குள் ஒரு சிரிப்பு வந்தது.

"முப்பது வருசமா 'இஞ்சாருங்கோ'தான்," என்றார். "கிளினிக்குக்கு ஃபோன் எடுத்தாலும் 'டாக்டர் நிக்கிறாரோ' எண்டுதான் கேப்பா."

"எங்கம்மாவும் அப்படித்தான். கவுண்டர்ல அப்பா பேரக் கேட்டா என்னைப் பார்ப்பாங்க. நான்தான் சொல்லணும்."

பூசுவுக்குத் தமிழ் புரியாது. ஆனாலும் காற்று எந்தப் பக்கம் திரும்பியது என்று புரிந்துவிட்டது. எழுந்துவந்து டாக்டரின் தாள்களை ஒதுக்கினாள், லாரித் தாளையும் சேர்த்துத்தான். போத்தல்களை ஒவ்வொன்றாக மேசைமேல் அடுக்கினாள். ஆற்றின் வளைவில் வளைத்து, துறைக்கு எதிரே மூன்று, மேட்டில் ஐந்து. பார்த்துக்கொண்டிருக்கும்போதே மேசை அவள் கிராமமாகிவிட்டது.

"மீன், என் பேரப்பிள்ளைகளின் அப்பா," என்றாள். "ஆமை, அவன் வீட்டுக்கு மேல்வீட்டுக் கிழவர்."

நாச்சம்மைக்கு வீடுகள் தெரியும். வாயைத் திறக்காமல் ஒவ்வொரு பெயரையும் எழுதினாள். முப்பத்து நான்கும் பிசகாமல் பொருந்தின.

ஆற்றுக்கு அக்கரையில் வைத்த நான்கு போத்தல்களைப் பூசு விரலால் தொட்டாள். "இவை சுத்தமாக இருக்காது. வெள்ளம் வந்து பத்து நாள் மருந்து போய்ச் சேரவில்லை. இன்னொரு படகு கொடுங்கள்."

மறுநாள் மத்தியானம் லேப் முடிவு வந்தது. முப்பது சுத்தம். நான்கில் கிருமி இருந்தது. அவள் தொட்ட அதே நான்கு.

குலசேகரம் லாரித் தாளைக் கிழித்துப்போட்டார். படகுக்கான தாளில் கையெழுத்துப் போட்டார். முப்பத்து நான்கு 'வரவில்லை'யையும் அடித்து நாச்சம்மை கையெழுத்திட்டாள். சிஸ்டர் பதவி அந்த வருஷம் வேறொருத்திக்குப் போனது. வருத்தம் இருந்தது, இல்லை என்று பொய் சொல்லக்கூடாது. ஆனால் பதிவேட்டைத் திருத்திய அன்றைக்கு ராத்திரி அடித்துப்போட்ட மாதிரி தூங்கினாள்.

அதற்குமுன் கிளினிக்கில் ஒரு வேலை பாக்கியிருந்தது. புதிய படிவத்தில் 'திட்டத் தலைவர்' என்ற இடம் காலியாக இருந்தது. டாக்டர் அதைத் தன் பக்கம் இழுக்காமல் நாச்சம்மையிடம் தள்ளினார். அவள் பூசுவைப் பார்த்துத் தயங்கினாள்.

"உன் பெயரை எழுதலாமா? ஒன்றும் தப்பில்லையே?"

பூசு வாய்விட்டுச் சிரித்தாள்.

"என் பெயருக்கு என்ன வந்தது? பெரிதாக எழுது."