பின்கதவில் ஒட்டிய தாள்

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்து மத்தியானச் சாப்பாடு ஆனதும் ஜெனோவுக்கும் ஃபெபிக்கும் மறுபடியும் அதே பேச்சுதான். ஃபெபி பாளையங்கோட்டையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். இங்கிலாந்தில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. இரண்டு வருஷம் டூட்டிக்கு நடுவில் படித்து, ஆங்கிலப் பரீட்சையை மூன்றாவது தடவையில் தாண்டியிருந்தாள். ஜெனோவும் ஐந்து வயது மகள் கிறிஸ்டியும் கூடவே போவதாக ஏற்பாடு. ஆனால் புருஷனுக்கென்று அவள் வாங்கி வந்த ஆங்கிலப் பாடப் புத்தகம் கடைக்காரன் சுற்றிக் கொடுத்த தாள்கூடப் பிரிக்காமல் டிவி மேல் கிடந்தது.

"அங்க நான் நைட் டூட்டில இருப்பேன். பிள்ளைக்கு மூச்சு முட்டுதுன்னு வைங்க. நீங்க போனப் போட்டு ஆம்புலன்ஸ்காரங்கட்ட என்னன்னு சொல்லுவீங்க?" என்றாள் ஃபெபி.

"நாம என்ன கெஞ்சிக்கிட்டா போறோம்? நர்ஸ் வேணும்னு அவனுவதான கூப்பிடுதானுவ. தமிழ் தெரிஞ்ச ஆளப் போட்டுத் தர வேண்டியது அவனுவ பொறுப்பு. அது நமக்குள்ள உரிம."

"பிள்ள மூச்சுக்குத் தவிக்கும்போது உங்க உரிம வந்து பேசுமாக்கும்?"

ஜெனோ பைக்கை எடுத்துக்கொண்டு ஆலைக்குக் கிளம்பினான். தச்சநல்லூரைத் தாண்டி முத்துமாலை அண்ணாச்சியின் அரிசி ஆலை. ஜெனோ அங்கே ஒன்பது வருஷமாக சூப்பர்வைசர். மூட்டை தூக்குவதும் நெல் அவிப்பதும் காயப் போடுவதும் எல்லாம் இப்போது பீகாரிலிருந்து வந்த குடும்பங்கள்தான். ஆலைக்குப் பின்னால் தகரக் கொட்டகைகளில் எட்டுக் குடும்பம். 'ரெண்டு வருசமா நம்ம ஊருச் சோத்தத் திங்கான், நாலு வார்த்த தமிழ் படிக்கத் துப்பில்ல' என்று அவர்களைப் பார்த்துத் தினம் ஒருமுறையாவது கத்தியிருப்பான். சற்றுமுன் வீட்டில் பேசிய பேச்சும் இந்தப் பேச்சும் ஒரே வாயிலிருந்துதான் வருகின்றன என்று அவனுக்குத் தோன்றியதே இல்லை.

முந்தின நாள் சாயங்காலம் மூட்டை அடுக்கி வைக்கும் கிட்டங்கியில் வண்டுக்கு மருந்து வைத்திருந்தார்கள். மூட்டை அடுக்குகளுக்கு நடுவே மாத்திரைகளை வைத்துத் தார்ப்பாயால் மூடிவிட்டால் அதிலிருந்து விஷ வாயு கிளம்பும். நாலு நாளைக்கு ஈ எறும்பு உள்ளே போகக்கூடாது. முன்பக்க ஷட்டரைப் பூட்டியாயிற்று. பின்கதவின் தாழ்ப்பாள் உடைந்து ஒரு மாசம் ஆகியிருந்தது. ஜெனோ ஒரு வெள்ளைத் தாளில் கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டினான்: 'மருந்து வைத்துள்ளது. ஆபத்து. உள்ளே வராதே.' ஒட்டும்போதே, கொட்டகைக்காரர்களுக்கு இதை வாசிக்கத் தெரியாதே என்று ஒரு நினைப்பு வந்தது. இந்தி தெரிந்த லாரி டிரைவர் யாரையாவது கூப்பிட்டுச் சொல்லச் சொல்லலாம். ஆனால் மணி ஏழு. கிறிஸ்டி பரோட்டா கேட்டிருந்தாள். 'தெரியலன்னா கேட்டுத் தெரிஞ்சுக்கிடட்டும்' என்று வண்டியைக் கிளப்பிப் போய்விட்டான்.

இன்று அவன் ஆலை வாசலில் வண்டியை நிறுத்தும்போது மணி மூன்று. வெயில் முற்றத்துச் சிமெண்டில் அடித்துக் கண்ணைக் கூசச் செய்தது. கொட்டகைப் பக்கமிருந்து ஒரு பெண் தலையில் முக்காடு இல்லாமல் ஓடி வந்தாள். மூட்டை தூக்கும் ராம்பிரவேஷின் பெண்டாட்டி பூல்மதி. என்னவோ கத்திக்கொண்டு அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். ஜெனோ அவள் கை போன திசையைப் பார்த்தான். கிட்டங்கியின் பின்கதவு ஒரு முழம் திறந்து கிடந்தது.

வெயில் நேரத்தில் ராம்பிரவேஷ் அந்தக் குளிர்ந்த தரையில் போய்ப் படுப்பான். ஞாயிறுதோறும் படுப்பான். அது ஜெனோவுக்கும் தெரியும்.

ஆபீஸ் ஆணியில் வாயு முகமூடி ஒன்று தொங்கியது. அதன் வடிகட்டி போன வருஷமே மாற்றியிருக்க வேண்டியது. அதை மாட்டிக்கொண்டு ஓடினான். கதவருகிலேயே அழுகின மீனும் பூண்டும் கலந்த மாதிரி வாடை முகமூடிக்குள் வந்தது. ராம்பிரவேஷ் வாசலிலிருந்து மூன்றடி தள்ளிக் குப்புறக் கிடந்தான். தவழ்ந்து வரப் பார்த்திருக்கிறான். ஜெனோ அவன் கக்கத்தில் கையைக் கொடுத்து இழுத்து வெளியே வேப்பமரத்தடியில் போட்டான். அவன் வாந்தி எடுத்தான், கண் செருகியது, ஆனால் மூச்சு இருந்தது.

பூல்மதி புருஷனைத் திரும்பியும் பார்க்கவில்லை. ஜெனோவின் நெஞ்சில் குத்தினாள். அவன் முகத்துக்கு நேரே, "தூ! தூ! தூ கோ!" என்று கத்தினாள்.

காறித் துப்புகிறாள் என்றுதான் அவன் நினைத்தான். துப்பவேண்டியதுதான் என்றும் நினைத்தான். தலையைக் குனிந்துகொண்டே 108-ஐக் கூப்பிட்டான். பிறகு ஃபெபியைக் கூப்பிட்டான். மருந்துக் காற்று அடித்து ஒருவன் கிடப்பதைச் சொன்னான்.

"திறந்த வெளில காத்தோட்டமாப் படுக்க வைங்க," என்றாள் ஃபெபி. "பால், தண்ணி ஒண்ணும் குடுக்காதீங்க. வாயோட வாய் வச்சு ஊதிராதீங்க, உங்களுக்கும் ஏறிரும். அங்கன யாரு அப்படிக் கத்துதா?"

"அவன் பொண்டாட்டி. என் மூஞ்சில துப்புதா ஃபெபி. தூ தூன்னு துப்புதா."

"துப்பட்டும். உள்ள எத்தன பேரு இருந்தாங்க? எண்ணிப் பாத்தீங்களா?"

ஜெனோ நிமிர்ந்தான். பூல்மதியின் முகத்தில் வெறுப்பு இல்லை. வெறும் பயம்தான் இருந்தது. அவள் அவன் கண்ணுக்கு முன்னால் இரண்டு விரலை நீட்டிக்கொண்டு நின்றாள்.

"தூ," என்றாள். "தூ."

இரண்டு. அவள் துப்பவில்லை, அவள் பாஷையில் எண்ணிச் சொல்கிறாள். இரண்டு பேர்.

போன் கையிலிருந்து விழுந்ததைக்கூட அவன் கவனிக்கவில்லை. அவர்களுக்கு ஆறு வயதில் முனியா என்று ஒரு பெண் உண்டு, அப்பன் வாலைப் பிடித்துக்கொண்டே திரிவாள். மறுபடி முகமூடியை மாட்டினான். இந்தத் தடவை உள்ளே போனால் திரும்பமாட்டோம் என்று தோன்றியது. கிறிஸ்டியின் முகம் வந்தது. கண்ணை மூடிக்கொண்டு நுழைந்தான்.

உள்ளே இருட்டு. வெயிலில் நின்ற கண்ணுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. "முனியா! ஏட்டி முனியா!" என்று கூப்பிட்டான். முகமூடிக்குள் அவன் குரல் அவனுக்கு மட்டும்தான் கேட்டது. சுவரைத் தடவிக்கொண்டே போனான். வாடை தொண்டைக்குள் இறங்கியது, தலை கிறுகிறுத்தது. இரண்டாவது அடுக்கைத் தாண்டியதும் கையில் துணி தட்டுப்பட்டது. காலிச் சாக்குகளின் மேல் பிள்ளை ஒருக்களித்துக் கிடந்தாள். அள்ளித் தோளில் போட்டான். துவண்டு விழுந்தாள். திரும்பினால் கதவு எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. எல்லாப் பக்கமும் மூட்டைதான். செத்தோம் என்றே நினைத்தான். அப்போது வெளியே பூல்மதி ஓயாமல் கத்துவது கேட்டது. அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு வெளிச்சத்துக்கு வந்து விழுந்தான்.

ஐகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரியில் ஜெனோவை ஒரு நாள் வைத்திருந்து அனுப்பிவிட்டார்கள். ராம்பிரவேஷ் இரண்டாம் நாள் எழுந்து உட்கார்ந்தான். முனியாவுக்குத்தான் மூச்சுக்குழாயில் குழாய் போட்டிருந்தது. இந்த விஷத்துக்கு மாற்று மருந்து கிடையாது, இதயம் தாங்குகிறதா என்று பார்த்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான் என்றார் டாக்டர். தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவு திறக்கும்போதெல்லாம் ஜெனோ எழுந்து போய் எட்டிப் பார்த்தான்.

முத்துமாலை அண்ணாச்சி தென்காசியில் ஒரு கல்யாணத்தை விட்டுவிட்டு வந்திருந்தார். ஜெனோவைத் தாழ்வாரத்து மூலைக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

"ஏலே, பயப்படாத. கதவுல தாள் ஒட்டியிருக்குல்லா? நான் போட்டோ எடுத்து வச்சிருக்கேன். எச்சரிக்க இருந்துது, மீறிப் போனான், அம்புட்டுதான். பொழைக்க வந்த ஊரு மொழியப் படிக்காதது அவன் குத்தம்."

"அவனுக்கு வாசிக்கத் தெரியாதுன்னு எனக்குத் தெரியும் அண்ணாச்சி."

"அத நீ போலீஸ்ல சொல்லணும்னு என்னலே இருக்கு? கேஸ் ஆச்சுன்னா உன் இங்கிலாந்து என்ன ஆவும்னு யோசிச்சியா? பேசாம இரு."

ஜெனோ யோசித்தான். அதைத்தான் இரண்டு நாளாக யோசித்துக்கொண்டிருந்தான். அன்று மத்தியானம் ராம்பிரவேஷின் கட்டிலுக்குப் போனான். ராம்பிரவேஷ் அவன் கையைப் பிடித்துக்கொண்டு தனக்குத் தெரிந்த தமிழைப் பொறுக்கி எடுத்துச் சொன்னான்: "சார்... தமிழ் படிக்கலே. என் தப்பு. என் தப்பு சார்."

அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாம். பாதிக்கப்பட்டவனே சொல்லிவிட்டான். ஆனால் அவன் அதைச் சொன்ன விதம் ஜெனோவை அதிகம் பயமுறுத்தியது. நாளைக்கு ஏதோ ஒரு ஊரில், கிறிஸ்டி உள்ளே கிடக்க, தானும் இதே மாதிரி ஒருவன் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பது கண்ணில் தெரிந்தது. படித்திருக்க வேண்டியது இவன் பாடு என்றால், சொல்லியிருக்க வேண்டியது யார் பாடு?

"நீ படிச்சிருக்கலாம்," என்றான் ஜெனோ. "ஆனா நான் சொல்லியிருக்கணும்." ராம்பிரவேஷுக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது.

போலீஸ் ஸ்டேஷனில் எழுத்தர் கேட்கக் கேட்க ஜெனோ எல்லாவற்றையும் சொன்னான். தாழ்ப்பாள் உடைந்தது, வடிகட்டி காலாவதியானது, ராம்பிரவேஷ் ஞாயிறுதோறும் அங்கே படுப்பான் என்று தனக்குத் தெரிந்திருந்தது, தாளை ஒட்டும்போதே வந்த நினைப்பு. எழுத்தர் பேனாவை நிறுத்தி, "இதுல கையெழுத்துப் போட்டா பாஸ்போர்ட், விசா எல்லாம் இழுபடும், தெரியும்லா?" என்றார். "தெரியும் சார்." கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்தான்.

வெளியே ஃபெபி ஸ்கூட்டரோடு நின்றாள். அவன் சொல்லி முடிக்கும்வரை கேட்டாள். "நான் முதல்ல போறேன்," என்றாள் கடைசியில். "கிறிஸ்டி உங்ககிட்ட இருக்கட்டும். கேஸ் எப்பம் முடியுதோ அப்பம் வாங்க." அவள் கண் கலங்கியிருந்தது. கோபமா, பயமா என்று அவனுக்குத் தெரியவில்லை. வழக்கு பதிவானது. அண்ணாச்சி மறுநாளே அவனை வேலையை விட்டு நிறுத்தினார்.

ஆறாம் நாள் முனியாவின் குழாயை எடுத்தார்கள். பன்னிரண்டாம் நாள் வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். இதயத்தை மாதாமாதம் காட்ட வேண்டும், அவ்வளவுதான். ஜெனோ ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு போனான். பூல்மதி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அவனைக் கண்டதும் எழுந்து நின்று, நிறுத்தாமல் நீளமாக எதையோ சொன்னாள். ஒரு வார்த்தையும் விளங்கவில்லை. சாபமாக இருந்தால் தெரியாமலே போகட்டும் என்று ஒரு கணம் நினைத்தான். பிறகு லேபில் வேலை பார்க்கும் ஃபர்ஹத் அந்தப் பக்கம் வந்தாள். அவளுக்கு இந்தி தெரியும் என்று வார்டில் சொல்லியிருந்தார்கள்.

"தங்கச்சி, இவங்க என்ன சொல்லுதாங்கன்னு கேட்டுச் சொல்லும்மா."

ஃபர்ஹத் கேட்டாள். திரும்பி ஜெனோவைப் பார்த்தாள்.

"நாளைக்கே அந்த மில்லுக்குத்தான் திரும்பிப் போறோம், வேற போக்கிடம் இல்லங்காங்க அண்ணே. அங்கன பிள்ள போகக்கூடாத எடம் வேற எதெல்லாம் இருக்கு, எல்லாத்தையும் உங்கள இப்பமே சொல்லச் சொல்லுதாங்க."

ஜெனோ பெஞ்சில் உட்கார்ந்தான். பாய்லர் பக்கம், உமிக் குழி, நெல் அவிக்கும் தொட்டி, மூடி இல்லாத மின்சாரப் பெட்டி. ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல ஃபர்ஹத் அதை இந்தியில் சொன்னாள். பூல்மதி பிள்ளையை இறுக்கிக்கொண்டு விரல் விட்டு எண்ணினாள். ஒரு கை முடிந்து அடுத்த கைக்குப் போனாள். ஒன்பது வருஷம் தினமும் அந்த இடங்களையெல்லாம் தாண்டி நடந்திருக்கிறான். இன்றுதான் எண்ணிப் பார்க்கிறான்.

"இன்னும் இருக்கும்மா," என்றான். "பொறுக்கச் சொல்லு. இன்னும் இருக்கு."